பாட்டியின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் லேமினேஷன் கடையும்

எங்கள் பல்கலைக்கழக நூலகச் செய்திமடலில் பணியாளர் பக்கத்தை நிரப்பும் முறை இந்த மாதம் என்னுடையது. எழுத வேண்டியவை மூன்றே செய்திகள். புத்தகங்களைத் தைத்துக் கட்டும் எங்கள் பைண்டர் 31 ஆண்டுப் பணிக்குப் பிறகு நவம்பர் 30 அன்று ஓய்வு பெறுகிறார். பருவ இதழ்ப் பிரிவுக்கு இரண்டு புதிய உதவியாளர்கள் வந்திருக்கிறார்கள். தேசிய நூலக வாரத்தில், நவம்பர் 14 முதல் 20 வரை, ஊர்மக்களுக்காக நடத்திய பழந்தாள் முகாம் நல்லபடியாக முடிந்தது. ஒரு குழுப் படம், கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள். அரை மணி நேர வேலை.

முகாமின் நான்காம் நாள் ஒரு பாட்டி வராமல் இருந்திருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

முகாம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வாசிப்பறைத் தாழ்வாரத்தில் இரண்டு மேசை. வீட்டில் இருக்கும் பழைய பத்திரம், கடிதம், சுவடி, புத்தகம் எதையும் கொண்டுவரலாம். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று நானும் பைண்டரும் பார்த்துச் சொல்வோம். காசு கிடையாது. அன்று காலை அந்த அம்மா ஜவுளிக்கடைப் பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து வைத்தார். மேசையில் ‘தட்’ என்று சத்தம் கேட்டது. பழைய தாள் அப்படிச் சத்தம் போடாது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அது அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். 1964. இப்போதுபோல ஒற்றைத் தாள் அல்ல அது. அந்தக் காலத்தில் புத்தகமாகத்தான் கொடுத்தார்கள். அதன் தையலைப் பிரித்து, ஏடு ஏடாக லேமினேட் செய்திருந்தார்கள். அதற்கு வாகாக ஓரங்களை வெட்டிச் சரிசெய்திருந்தார்கள். பேரன் பாட்டியின் பிறந்தநாளுக்குச் செய்து கொடுத்த பரிசாம். “இனி நூறு வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது பாட்டி” என்றானாம். ஒரு பக்கத்தில் காற்றுக் குமிழ் கோத்து நின்றது. தலைமையாசிரியரின் ஊதா முத்திரை வெப்பத்தில் பரவியிருந்தது. பிடிக்காமல்போய் பாட்டியே ஒரு மூலையில் பிளேடு வைத்து உரித்துப் பார்த்திருக்கிறார். அங்க அடையாளங்கள் எழுதிய இடம் அது. “இடது முழங்கையில் ஒரு மச்சம்” என்ற வரி தாளை விட்டுப் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. இப்போது அந்த வரி பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாளில் அந்த இடம் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து இருக்கிறது.

“ஏம்மா, இதை உரித்துத் தர முடியுமா?” என்று கேட்டார். சேலை முந்தானையை விலக்கி முழங்கை மச்சத்தையும் காட்டினார், வரி பொய்யில்லை என்பதுபோல.

முடியாது. அந்த வாரத்தில் மட்டும் நான் இந்தப் பதிலைச் சொன்ன ஒன்பதாவது ஆள் அவர். ஒருவர் தாத்தாவின் கிரயப் பத்திரம், ஒருவர் அப்பாவின் கடிதம், ஒருவர் கல்யாணப் பத்திரிகை. ஒரு குடும்பம் பனையோலைச் சுவடியில் ஐந்து ஓலைகளை லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தது. வெப்ப உருளைக்குள் போன ஓலை நீளவாக்கில் பிளந்திருந்தது. அதைப் பார்த்துப் பைண்டர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆகவே செய்திமடல் பக்கம் இந்த முறை இதற்குத்தான்.

லேமினேஷன் பாதுகாப்பு என்ற எண்ணம் நம் ஊரில் எப்படி இத்தனை ஆழமாக வேரூன்றியது என்று எனக்குப் புரியவே இல்லை. மதிப்பெண் சான்றிதழ் கையில் வந்த அன்றே, மை காயும் முன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறோம். தண்ணீர் படாது, காற்றுப் படாது, பூச்சி அரிக்காது என்பது கணக்கு. தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது, சரி. பூச்சி வெளியிலிருந்து வருகிறது, சரி. ஆனால் பழைய தாளைக் கொல்லும் பெரிய எதிரி தாளுக்குள்ளேயே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தாள் மரக்கூழில் செய்யப்பட்டது. மை ஊறிப் பரவாமலிருக்கப் படிகாரமும் ரோசின் என்ற மரப் பிசினும் சேர்த்தார்கள். படிகாரம் நாளடைவில் அமிலத்தை உண்டாக்கும். அமிலம் நாரை அறுக்கும். 1950-களின் புத்தகம் தொட்டால் அப்பளமாக நொறுங்குவதும், அதற்கு இருநூறு ஆண்டு மூத்த, கந்தல் துணியில் செய்த தாள் இன்னும் மடங்கி விரிவதும் இதனால்தான். இந்த அமிலத் தாளை இரண்டு பிளாஸ்டிக் படலத்துக்கு நடுவே அடைத்துவிட்டால், கிளம்புகிற ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றி வேலையைத் துரிதப்படுத்தும். சுடுசோற்றைத் தூக்குவாளியில் போட்டு இறுக மூடிப் பாருங்கள். ஊசிப்போகாமல் காத்ததாகச் சொல்வீர்களா?

அது பாதிதான். கடையில் இருக்கும் இயந்திரத்தின் படலம் வெறும் பிளாஸ்டிக் அல்ல. உட்புறத்தில் பிசின் பூச்சு உண்டு. நூறு டிகிரியைத் தாண்டிச் சூடான உருளைக்குள் போகும்போது அது உருகித் தாளின் நாருக்குள் இறங்கி உறைகிறது. அதன் பிறகு தாள் வேறு, பிளாஸ்டிக் வேறு என்று பிரிக்க முடியாது. எங்கள் தொழிலில் முதல் விதி ஒன்றுதான்: நாளைக்கு வருகிறவர் திருப்பி எடுக்க முடியாத எதையும் செய்யாதே. லேமினேஷன் அந்த விதியை ஐந்து விநாடியில் முடித்துவிடுகிறது.

இதைச் சொன்னால் சிலர் மடக்குவார்கள்: “நீங்களே அந்தக் காலத்தில் செய்தீர்களே?” செய்தோம். மறைக்கவில்லை. 1930-களில் அமெரிக்காவில் தொடங்கியது, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் படலத்தால் செய்யும் லேமினேஷன். புதுதில்லியில் தேசிய ஆவணக் காப்பகம் இயந்திரமும் சூடும் இல்லாமல், அசிடோன் என்ற கரைப்பானைத் தொட்டுக் கையாலேயே செய்யும் முறையை உருவாக்கியது. அதை நம் நாட்டுக் காப்பகங்கள் பலவும் பின்பற்றின. ஆனால் முதலில் தாளின் அமிலத்தை நீக்கினார்கள். பிறகுதான் படலம், அதன்மேல் மெல்லிய டிஷ்யூ. அசிடோனில் ஊற வைத்தால் திரும்பவும் பிரித்தும் எடுக்கலாம். இத்தனை கவனமாகச் செய்ததே பின்னாளில் சிக்கலானது. அசிடேட் தானும் சிதைந்து காடி வாடை வீசத் தொடங்கியது. அதனால்தான் அந்த முறை பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. தாலுகா அலுவலக வாசலில் நிற்கும் இயந்திரத்துக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை மட்டுமே.

இன்னொன்று, இது வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு. லேமினேட் செய்த சான்றிதழின்மேல் முத்திரை குத்த முடியாது, பின்பக்கம் எழுத முடியாது. வெளிநாட்டுப் படிப்புக்குச் சான்றொப்பம் கேட்கும் இடங்களில் இதைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். பல்கலைக்கழகத்தில் இருப்பதால் ஆண்டுதோறும் ஜூன், ஜூலையில் இந்த அழுகையை நேரிலேயே பார்க்கிறேன். நகல் எடுத்து அந்த நகலை எத்தனை முறை வேண்டுமானாலும் லேமினேட் செய்துகொள்ளுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள்.

ஊருக்கு உபதேசம் செய்கிற நாங்கள் எப்படி? ஆகஸ்ட் 12, சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் பிறந்தநாள்; நூலகர் தினம். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர் அவர். எங்கள் குலதெய்வம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, ஓய்வு பெறப்போகும் பைண்டருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தோம். நன்றாக லேமினேட் செய்து. அவர் அதை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தரைத்தளத்து நகல் பிரிவில் ‘இங்கு லேமினேஷன் செய்யப்படும்’ என்ற பலகை பல ஆண்டுகளாகத் தொங்கியது. போன வாரம் கழற்றச் சொல்லிவிட்டேன். இதையும் பணியாளர் செய்தியில் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, என்னதான் செய்வது?

பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். மைலார் என்று கேட்டால் தெரியும். சூடில்லை, பசையில்லை, தாளை உள்ளே செருகினால் போதும், வேண்டும்போது எடுக்கலாம். குறைந்தது ஒரு பக்கமாவது திறந்திருக்கட்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. உறை வேண்டாம். முகர்ந்து பாருங்கள், புதுச் செருப்புக் கடை வாடை அடித்தால் அது பி.வி.சி. எழுத்தைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும்.

கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். ஒட்டியிருந்தால் பிடுங்காதீர்கள். ரப்பர் பேண்ட், குண்டூசி, ஸ்டேப்லர் பின் எல்லாவற்றையும் இன்றைக்கே கழற்றுங்கள். பத்திரங்களை நாலாக மடித்து வைக்கும் பழக்கத்தை விடுங்கள். முதலில் நொறுங்குவது மடிப்புதான். ஏ.டி.எம். சீட்டு போன்ற வெப்பத் தாளை லேமினேட் செய்தால் முழுவதும் கறுத்துப்போகும். அதையும் செய்துவிட்டு வந்து என்னிடம் கேட்காதீர்கள்.

இது மழைக்காலம். புத்தகம் நனைந்தால் மொட்டை வெயிலில் காயப்போடாதீர்கள், கோணிக்கொள்ளும், வெளுக்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில், நடுநடுவே அச்சிடாத வெள்ளைத் தாளை வைத்து, ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அத்தனையையும் காயவைக்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். சிரிக்காதீர்கள். உறைந்த புத்தகம் உங்களுக்கு நேரம் வரும்வரை காத்திருக்கும்.

சுவடி இருந்தால் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும். எலுமிச்சைப் புல் எண்ணெய் பூசுவதற்கும் கை பழகியவர் வேண்டும். ஓலைகளைக் கோத்திருக்கும் ஊசியான நாராசத்தைக் கழற்றி அவற்றைக் கலைத்துவிட்டால் வரிசையைக் கண்டுபிடிக்கப் புலவர் ஒருவர் மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். ஒரு காலத்தில் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டவை போக மிஞ்சியவைதானே இவை. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது, உ.வே.சா. நூலகம் இருக்கிறது, தஞ்சையில் சரசுவதி மகால் இருக்கிறது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள். தயவுசெய்து கேட்டுவிட்டுச் செய்யுங்கள், செய்துவிட்டுக் கேட்காதீர்கள்.

நன்கொடைக்காரர்களுக்கும் ஒரு சொல். வீட்டைக் காலி செய்யும்போது சாக்கில் கட்டி இரவோடு இரவாக எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போவது தானம் ஆகாது. போன மாதம் வந்த சாக்கில் பாதி கறையான் மண். அதைத் தெரியாமல் உள்ளே எடுத்திருந்தால் அடுக்கில் இருக்கும் அத்தனைக்கும் ஆபத்து. முதலில் பட்டியல் அனுப்புங்கள். எங்களிடம் இல்லாததை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வோம். பழைய போட்டித் தேர்வு வழிகாட்டிகளை வாங்க மாட்டோம்; கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாட்டியின் ஏடுகளைப் பைண்டர் உரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பக்க எண் பார்த்து அடுக்கினார். பிளேடு பட்ட மூலைமேல் ஒரு மெல்லிய தாளை வைத்து மூடினார். “அம்மா, இனி இதில் யாரும் கை வைக்க வேண்டாம். இருக்கிறபடியே இருக்கட்டும்” என்றார். அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், அமிலமில்லாத அட்டையை வெட்டி, மடிப்பை எலும்புத் துண்டால் அழுத்தி, அந்தக் கட்டுக்கு அளவாக ஒரு பெட்டி செய்தார். நீலக் காலிகோ முதுகு. புதிய உதவியாளர் இருவரும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். பசை காய்ச்சும்போது மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) எவ்வளவு என்று ஒருவர் கேட்க, போடவே கூடாது என்றார். பூச்சிக்காக நானும் இருபது ஆண்டு போட்டேன், செம்பு தாளுக்கு ஆகாதென்று பிறகுதான் தெரிந்தது என்றார். பாட்டி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, “பேரனிடம் திட்டாமல் சொல்ல வேண்டும் தம்பி, ஆசையாகச் செய்தான்” என்றார்.

பைண்டர் பணியிடம் நிரப்பப்படுமா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. முகாம் இனி மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அதே தாழ்வாரத்தில். ஓய்வுக்குப் பிறகும் வருகிறேன் என்று பைண்டர் சொல்லியிருக்கிறார், மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டுத்தான் வருவாராம். அதனால் பத்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.