கொப்புளம் இல்லாத இடத்தில் ஏன் வெட்டுகிறார்கள்?

உடலெங்கும் கொப்புளம் கண்டு வாட்டில் சேர்க்கப்பட்ட தம் தாயாரின் தோலில் இரண்டு துண்டுகளை வெட்டியெடுத்ததாகவும், அப்படியானால் அது புற்றுநோயா என்றும் ஹட்டனிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். தோலை வெட்டியெடுத்தாலே புற்றுநோய் என்று பொருளல்ல. வாட்டில் இருப்பவர்களுக்கு மருந்து ஒவ்வாமை, இரத்தக்குழாய் அழற்சி, தொற்று, தன்னெதிர்ப்பு நோய் ஆகியவற்றை வேறுபடுத்தி அறியவும் தோல் பயொப்சி, அதாவது தோலில் சிறு துண்டை வெட்டி ஆராயும் பரிசோதனை, செய்யப்படுகிறது. வெறும் கண்ணுக்கு இவை பலவேளை ஒன்றுபோலவே தோன்றும்.

லிக்னோகெயின் ஊசியால் மரத்துப்போன இடத்தில், ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அகலமான வட்டக் கத்தியைச் சுழற்றி அழுத்தி, மேற்றோலும் உட்டோலும் சேர்ந்த சிறு உருளையொன்றை எடுத்து, ஓரிரு தையல் போடுவார்கள். கொப்புளத்தின் விளிம்பில் எடுத்த துண்டு போர்மலினில் இடப்படும். தோல் எந்த அடுக்கில் பிரிந்தது என்பதை அது காட்டும்.

இரண்டாவது துண்டே என்னை எப்போதும் வியக்க வைப்பது. அது கொப்புளத்துக்கு அருகே, பார்வைக்கு நலமாக இருக்கும் தோலிலிருந்து எடுக்கப்படுகிறது. நம்மைக் காக்க வேண்டிய பிறபொருளெதிரிகள், தன்னெதிர்ப்பு நோய்களில் தோலைப் பிணைத்து வைத்திருக்கும் புரதங்களையே பற்றிக்கொள்கின்றன. கொப்புளம் எழுந்த இடத்தில் அழற்சிக் கலங்கள் அப்பிறபொருளெதிரிகளையும் சிதைத்துவிடக்கூடும். அருகிலுள்ள தோலிலோ அவை பற்றிக்கொண்ட இடத்திலேயே இருக்கும். அத்துண்டை உறையவைத்து மிக மெல்லியதாகச் சீவி, மனிதப் பிறபொருளெதிரியைத் தேடிப் பற்றும் இன்னொரு பிறபொருளெதிரியைப் புளோரசீன் சாயத்துடன் பிணைத்து அதன்மேல் இட்டுக் கழுவுவார்கள். நீல ஒளி பட்டதும், ஒட்டி நின்ற சாயம் பச்சையாக ஒளிரும். தன்னெதிர்ப்பால் கொப்புளம் எழும் பெம்பிகஸ் நோயில் ஒவ்வொரு கலத்தையும் சுற்றி அந்தப் பச்சை ஓடுவதால், மேற்றோல் முழுவதும் கோழிக்கூட்டுக் கம்பிவலைபோலத் தெரியும். முதியோரைப் பெரிதும் தாக்கும் புல்லஸ் பெம்பிகொயிட் நோயிலோ, மேற்றோலும் உட்டோலும் சந்திக்கும் எல்லையில் ஒரேயொரு மெல்லிய கோடு மட்டும் ஒளிரும். சாயமேற்றிய பிறபொருளெதிரி பற்றிய ஆய்வை ஆல்பர்ட் கூன்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1941இல் வெளியிட்டனர். பெம்பிகஸ் நோயாளிகளின் குருதியில் தோலைத் தாக்கும் பிறபொருளெதிரி இருப்பதை, பியூட்னரும் ஜோர்டனும் 1964இல் அதே வழியில் கண்டனர்.

மருந்தால் விளையும் கடுமையான தோலுரிவில் இந்த வலையோ கோடோ இராது. மேற்றோல் முழுத் தடிப்பிலும் இறந்திருக்கும். அந்த ஐயம் எழுந்தால் மருத்துவர்கள் பயொப்சி முடிவுக்குக் காத்திராமல் ஐயத்துக்குரிய மருந்தை உடனே நிறுத்துவார்கள். ஆகவே தோட்டத்து டிஸ்பென்சரியில் வாங்கிய மாத்திரை, நாட்டு மருந்து உட்பட அம்மா உட்கொண்ட அனைத்தையும் வாட்டில் சொல்லிவிடுங்கள்.

கொப்புளம் என்றாலே அம்மை என்று முடிவுசெய்து, லயத்து அறையில் வேப்பிலை விரித்து நாட்கணக்கில் படுக்கவைப்பதை நான் முற்றாக எதிர்க்கிறேன். மாரியம்மன் மீதுள்ள பக்தி மருத்துவமனைக்குப் போவதைத் தடுக்க வேண்டியதில்லை. அதேபோல், இந்தப் பரிசோதனைக்கான ஆய்வுகூடத்தை எல்லா மலைநகரங்களிலும் அமைப்பது கடினம் என்பது உண்மையானாலும், அதைச் சாக்காகக் கொள்வது சரியன்று. இரண்டாவது துண்டை இடும் மிஷெல் திரவம், பனிக்கட்டி இல்லாமலே அதைச் சில நாட்கள் காக்கும். ஒரு சிறு குப்பி மலையிறங்கிப் போனால் போதும். தோலுரிந்த நோயாளியை வளைவுப் பாதைகளில் கொண்டு செல்லத் தேவையில்லை. சுகாதாரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, அந்தக் குப்பிகளுக்கும் அவற்றைக் கொண்டு செல்லும் வண்டிக்கும் முதலில் போக வேண்டும்.