கம்பியில் கதிர்வீச்சைத் தேடாதீர்கள், ஸ்கிராப் யார்டில் தேடுங்கள்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். மதுரை பக்கம் கப்பலூரில், பழைய இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரிக்கு ஆலோசனைக்குப் போயிருந்தேன், டீ வருவதற்குள் முதலாளி ஆரம்பித்துவிட்டார்: "சார், அணு உலை வச்சு ஹைட்ரஜன் எடுத்து இரும்பு செய்யப் போறாங்களாம்ல, அந்தக் கம்பியில வீடு கட்டினா பிள்ளைகளுக்கு கேன்சர் வராதா?"

வராது. தாதுவில் இருக்கும் ஆக்சிஜனை இப்போது கோக் கரி இழுக்கிறது, அதனால் டன் உருக்குக்கு ஏறக்குறைய 2 டன் கார்பன் டை ஆக்சைடு. அந்த வேலையை ஹைட்ரஜன் செய்தால் வெளியே வருவது நீராவி, அவ்வளவுதான். ஆனால் டன்னுக்கு 50, 60 கிலோ ஹைட்ரஜன் வேண்டும், தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி அதை எடுக்க 3,000 யூனிட் பக்கம் போகும். இரவிலும் நிற்காத மின்சாரம் வேண்டும் என்பதால்தான் அணுமின்சாரத்தின் பேச்சே. (கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலை ஒன்று முழுக்க இதற்கே ஓடினாலும் நாளுக்கு 8,000 டன் இரும்புக்குத்தான் காணும்.)

மின்சாரத்தோடு கதிர்வீச்சு ஒட்டிக்கொண்டு வராது. கூடங்குளம் மின்சாரம் 2013 முதல் நம் லைனில் கலக்கிறது, உங்கள் வீட்டு மிக்ஸியும் அதில்தான் ஓடுகிறது, சட்னியில் கதிர்வீச்சு வந்ததா? உலையின் வெப்பத்தையே நேராக எடுக்கும் முறை வந்தால் டிரிட்டியம் (கதிர்வீச்சுள்ள ஒருவகை ஹைட்ரஜன்) குழாய்ச் சுவரைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும், அது எங்களைப் போன்றவர்களின் தலைவலி. ஹைட்ரஜன் என்றதும் குண்டு ஞாபகம் வந்தால், ஹைட்ரஜன் குண்டுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே.

இவ்வளவு பயந்த மனிதரின் யார்டில் ஆஸ்பத்திரிப் பழைய சாமான் ஒரு லோடு, பில்லே இல்லாமல் கிடக்கிறது! 2010-ல் டெல்லி மாயாபுரியில் ஏலத்தில் போன பழைய கருவியைக் காயலான் கடையில் பிரித்தார்கள், உள்ளே கோபால்ட்-60 என்ற கடும் கதிர்வீச்சுள்ள உலோகம். ஒருவர் இறந்தே போனார். அதற்கு முன்பே, 1983-84-ல் மெக்சிகோவில் அதே வகைக் கோபால்ட் உருக்கில் கலந்து கம்பியாகி, அதை வைத்துக் கட்டிய வீடுகளை இடிக்க வேண்டி வந்தது. அணுமின்சாரத்தால் வந்ததல்ல இது, கண்ணை மூடிக்கொண்டு ஸ்கிராப் வாங்கியதால் வந்தது.

தயவுசெய்து, எங்கிருந்து வந்தது என்று தெரியாத லோடை இறக்காதீர்கள். கதிர்வீச்சு எச்சரிக்கையான மூன்று இதழ் விசிறிக் குறியோ, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈய உருளையோ கண்டால் கட்டரைக் கீழே வையுங்கள், ஆட்களை விலக்குங்கள், போலீசைக் கூப்பிடுங்கள், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சொல்லச் சொல்லுங்கள். "சும்மா பிரிச்சுப் பார்ப்போம்" என்கிற பையனை அன்றைக்கு லீவில் அனுப்புங்கள். கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டர் விலை கட்டுப்படியாகாது என்றால் நாலு பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்குங்கள், எப்படிப் பிடித்துப் பார்ப்பது என்று நானே வந்து காட்டுகிறேன், ஃபீஸ் வேண்டாம், டீ போதும்.