அப்பா பெயரில் உள்ள நிலம்: பிரிப்பதா, கூட்டாக வைப்பதா?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் "நிலம் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்" என்பார்கள். அந்த 'இப்போதைக்கு' இருபது வருஷம் ஓடிவிடும். அதற்குள் வாரிசுகளில் ஒருவர் இறந்துபோனால் அவர் பிள்ளைகளும் கையெழுத்துப் போட வர வேண்டும்.

முதலில் பங்குக் கணக்கு. அப்பா சொந்தமாக வாங்கிய நிலம், உயில் இல்லை என்றால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், அப்பாவைப் பெற்ற தாய் எல்லோருக்கும் சமபங்கு. பாட்டியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்று ஏக்கர், அம்மா, பாட்டி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்றால் ஆளுக்கு 60 சென்ட். பூர்வீகச் சொத்தானால் கணக்கு மாறும். அதை வக்கீலிடம் காட்டிவிடுங்கள். கிறிஸ்தவர், இஸ்லாமியருக்குச் சட்டமே வேறு.

"நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்ற வாதம் சட்டத்தின் முன் நிற்காது. தமிழ்நாட்டில் 1989 திருத்தம் பூர்வீகச் சொத்தில் அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குப் பங்கு தந்தது. 2005 மத்தியத் திருத்தத்தில் அந்த மண நிபந்தனை இல்லை. அது அமலுக்கு வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தங்கைக்கு நிலம் வேண்டாமா? சரி, அவரே மனதார விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். பதிவானபின் நினைத்தபடி திரும்பப் பெற முடியாது என்பதையும் அவரிடம் முன்பே சொல்லிவிடுவதுதான் முறை.

இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தால் வட்டாட்சியர் தருவார். அதை வைத்து எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கலாம். பிரிக்காமல் ஒருவர் உழுது மற்றவர்களுக்குக் குத்தகை கொடுப்பதும் ஒரு வழிதான். ஒருவர் தன் பங்கை விற்க முடிவெடுத்தால், அதை முதலில் வாங்கும் உரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு. இது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது.

பிரிப்பதானால் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம் வேண்டும். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அது ஒரு பங்குக்கு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆனது.

ஏக்கர் கணக்கில் சண்டை வருவது குறைவு, கிணற்றில்தான் வரும். கிணறு வடமேற்கு மூலையில் அண்ணன் பங்கில் விழுந்துவிட்டால் தம்பியின் 60 சென்ட் மானாவாரிதான். ஆகவே கிணற்றில் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு, எந்தக் கிழமை யாருக்குத் தண்ணீர் முறை, அப்பா பெயரில் உள்ள மின் இணைப்பு யார் பெயருக்கு, மோட்டார் காயில் எரிந்தால் செலவு யாருடையது எல்லாம் பத்திரத்தில் இருக்கட்டும். வாய்க்காலும் வண்டிப்பாதையும் எத்தனை அடி அகலம் என்றும் எழுதுங்கள். "வழக்கமான பாதை" என்று மட்டும் எழுதினால், டிராக்டர் நுழையாத ஒற்றையடிப் பாதையைக் காட்டி இதுதான் அது என்பார்கள்.

பதிவு முடிந்ததும் உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். சர்வேயர் அளக்கும் அன்று பங்காளிகள் எல்லோரும் வரப்பில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், கல் நட்டபின் வந்து கேட்டால் மறுபடி பணம் கட்டித்தான் அளக்க வேண்டும்.