ரயிலை நிறுத்தியவன் இடிபாட்டில் ஏன் திணறினான்?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஸ்பைடர்மேன் ஒரு படத்தில் ஓடுகிற ரயிலையே நிறுத்துகிறான். இன்னொன்றில் விமான நிலையத்தில் மேலே விழுகிற பாலத்தைத் தாங்குகிறான். அடுத்த படத்தில் இடிந்த கூரைக்கு அடியில் மாட்டிக்கொண்டு, யாராவது வாருங்கள் என்று அழுகிறான். அவன் பலம் படத்துக்குப் படம் மாறுகிறதா, இல்லை கதை எழுதுபவர்கள் இஷ்டத்துக்கு எழுதுகிறார்களா?"

எழுதுபவர்களின் வசதி இதில் இருக்கத்தான் செய்கிறது. 2002 முதல் மூன்று நடிகர்கள் அந்த உடையை அணிந்துவிட்டார்கள், இயக்குநர்களும் மாறினார்கள். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று காட்சிகளையும் இயற்பியல் வழியாகப் பார்த்தால், எனக்கு அவை முரண்படுவதாகத் தெரியவில்லை. ஒரே ஆள், ஒரே பலம் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று இடத்திலும் மூன்று விதமாகத்தான் நடக்கும்.

முதலில் பாலத்தையும் கூரையையும் பார்த்துவிடலாம். 2016இல் வந்த 'சிவில் வார்' படத்தில், ஜெர்மனியின் லைப்சிக் விமான நிலையத்தில், பயணிகள் விமானத்துக்குள் நடந்துபோகும் அந்தப் பாலத்தை கேப்டன் அமெரிக்கா இவன்மேல் சாய்த்துவிடுகிறார். ஸ்பைடர்மேனாக நடிக்கும் டாம் ஹாலண்ட் நின்றபடி அதைத் தாங்குகிறார். 2017இல் 'ஹோம்கமிங்' படத்தில் அதே டாம் ஹாலண்ட், இடிந்த கிடங்குக்கு அடியில் குப்புறக் கிடக்கிறார். ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு கான்கிரீட் பலகை என்று வைத்தால், அதன் எடை ஏழு டன்னுக்குக் கொஞ்சம் மேல். மார்வெல் வெளியிட்ட கதாபாத்திரக் கையேட்டின்படி ஸ்பைடர்மேன் சுமார் 10 டன் தூக்குவான். அப்புறம் ஏன் திணறுகிறான்?

மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்களைக் கவனித்திருப்பீர்கள். நூறு கிலோ மூட்டையை முதுகில் சுமந்து படியேறுகிறவர், அதே மூட்டையைத் தரையிலிருந்து எடுக்க, "ஒரு கை பிடிப்பா" என்று பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவார். முதுகுக்கு வந்துவிட்டால் எலும்புகள் தூண்போல நின்று பெரும்பாரத்தை வாங்கிக்கொள்ளும். தரையிலிருந்து எடுக்கும்போது மடங்கிய மூட்டுகளைத் தசைதான் விரிக்க வேண்டும். தசைக்குள் ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்று சரியான அளவு படிந்திருக்கும்போதுதான் முழு விசை கிடைக்கும். அளவுக்கு மேல் நீண்டாலும் சுருங்கினாலும் விசை விழுந்துவிடும். தண்டால் எடுப்பவர்களுக்கு நெஞ்சு தரையைத் தொடும் இடம்தான் கடினம் என்பது தெரியும். ஹாலண்ட் கிடந்தது அந்த இடத்தில். கொஞ்சம் மேலே வந்த பிறகு அவர் எழுந்துவிடுகிறார், கவனித்தீர்களா?

சரி, இப்போது ரயில். இதைத்தான் நான் ஆசையாகச் சொல்ல வந்தேன்.

2004இல் வந்த 'ஸ்பைடர்மேன் 2'. இதில் ஸ்பைடர்மேனாக நடித்த டோபி மகுவயர் ரயிலின் முகப்பில் நிற்கிறார். முதலில் காலைத் தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளில் ஊன்றி நிறுத்தப் பார்க்கிறார். கட்டைகள் படபடவென்று உடைகின்றனவே தவிர ரயில் நிற்கவில்லை. பிறகு இரண்டு பக்கக் கட்டடங்களுக்கும் நூல் வீசுகிறார். கட்டடத்தின் முகப்பே பெயர்ந்து வருகிறது. கடைசியாகப் பல நூல்களை ஒரே நேரத்தில் வீசிப் பற்றிக்கொள்கிறார். நூல்கள் நீண்டுகொண்டே போகின்றன, ரயில் நிற்கிறது. ஒரே ஆள் ஓரிரு நிமிடங்களுக்குள் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை வெல்கிறான். இடையில் அவன் பலம் கூடவில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்குதான். ரயிலின் எடை 200 டன், வேகம் நொடிக்கு 24 மீட்டர் என்று வைப்போம். இயக்க ஆற்றல் சுமார் 5 கோடியே 76 லட்சம் ஜூல். இந்த ஆற்றலை எவ்வளவு தூரத்தில் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் விசை. 10 மீட்டரில் நிறுத்தினால் கிட்டத்தட்ட 590 டன் பாரம் தோளில் இறங்கும். 300 மீட்டரில் நிறுத்தினால் 20 டன்னுக்கும் குறைவு. இரண்டு கைக்கும் பிரித்தால் கைக்குப் பத்து டன்; கையேட்டில் சொன்ன அளவுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. உள்ளே இருக்கும் பயணிகளுக்கும் மெட்ரோ ரயில் நிலையத்தில் நிற்கும்போது வருகிற அசைவு அளவுதான் இருக்கும்.

ஆக, அங்கே வேலை செய்தது நூல். எங்கள் மாடித் தோட்டத்தில் முருங்கைக் கிளைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை கட்டியிருக்கிறது. ஒருநாள் காலை வேகமாக வந்த வண்டு ஒன்று அதில் மோதியதைப் பார்த்தேன். வலை உள்வாங்கியது, நூல்கள் இழுபட்டன. ஒரு ரப்பர் பேண்டாக இருந்தால் அந்த வண்டை வந்த வழியே திருப்பி எறிந்திருக்கும். வலை எறியவில்லை. லேசாக அசைந்து அப்படியே நின்றுவிட்டது. வண்டின் வேகம் எங்கே போனது என்று நான் வலைக்கு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிலந்தி தொங்குவதற்கும் வலையின் சட்டத்தைக் கட்டுவதற்கும் பயன்படுத்தும் இழுவை நூல் புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலியில் சில பகுதிகள் அடுக்கடுக்காகப் படிந்து நானோமீட்டர் அளவுப் படிகங்களாகின்றன. இவை நூலுக்கு உறுதி தரும் முடிச்சுகள். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே உள்ள சங்கிலி ஒழுங்கில்லாமல் சுருண்டு கிடக்கிறது. சுருளைச் சுருளாக வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தனித்தனியே மிகவும் பலவீனமானவை. நூலை இழுத்தால் இவை ஒவ்வொன்றாக அவிழும். ஒவ்வொன்று அவிழும்போதும் கொஞ்சம் ஆற்றலை வாங்கி வெப்பமாக்கிவிடும். வாங்கிய ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை நூல் திருப்பித் தருவதே இல்லை! பலவீனமான பிணைப்புகள் லட்சக்கணக்கில் விட்டுக்கொடுத்து நூலைக் காப்பாற்றுகின்றன. இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எண்ணாகச் சொன்னால், நல்ல எஃகுக் கம்பி ஒரு கன சென்டிமீட்டர் அறுவதற்குள் ஆறு ஜூல் அளவு ஆற்றலை வாங்கும். குண்டு துளைக்காத உடையில் பயன்படும் கெவ்லார் 50 ஜூல். சிலந்தியின் இழுவை நூல் 160. மடகாஸ்கரில் ஆற்றுக்குக் குறுக்கே 25 மீட்டர் வரை நூல் கட்டும் ஒரு சிலந்தியை 2010இல் விவரித்தார்கள். டார்வின் பெயர் வைத்திருக்கும் அதன் நூல் சராசரியாக 350 ஜூல். 2013 வாக்கில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்கள் இந்த ரயில் காட்சியைக் கணக்கிட்டு, அதற்கு வேண்டிய உறுதி நிஜச் சிலந்தி நூலுக்கு இருக்கிறது என்று காட்டினார்கள். நம் வகுப்புகளில் இப்படிக் கணக்குப் போட்டால் சினிமாவைப் பற்றிப் பேசாதே என்று உட்காரவைத்துவிடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

காட்சி இடறுகிற இடம் வேறு. மடகாஸ்கர் நூலையே எடுத்தாலும் நம் ரயிலுக்கு 165 லிட்டர் நூல் வேண்டும். 200 லிட்டர் டீசல் டிரம்மில் முக்கால்வாசிக்கு மேல். எடை இருநூறு கிலோவைத் தாண்டும். டோபி மகுவயரின் படங்களில் நூல் மணிக்கட்டிலிருந்து, உடலுக்குள்ளிருந்தே வருகிறது. தன் எடையைப் போல மூன்று மடங்கு நூலை அந்த உடல் எங்கே வைத்திருக்கும்? இன்னொன்று, சிலந்தி நூலைப் பீய்ச்சுவதில்லை. நீரில் கரைந்த புரதத்தைக் காலால் இழுத்தோ, முனையை ஒட்டிவிட்டு நகர்ந்தோ வெளியே எடுக்கிறது. வருகிற குழாயிலேயே அமிலத்தன்மை கூடி, இழுக்கும் விசையில் புரதம் வரிசைப்பட்டு நூலாகிறது. அதுவும் சாதாரண அறை வெப்பநிலையில். நம் ஆலைகளால் இன்னும் இதை முழுமையாகச் செய்ய முடியவில்லை. சிலந்திகளைப் பண்ணையாக வளர்க்கலாம் என்றால், ஒன்றையொன்று தின்றுவிடும். கனடாவில் ஒரு நிறுவனம் சிலந்தி மரபணுவை ஆட்டுக்குள் வைத்துப் பாலில் புரதம் எடுத்துப் பார்த்தது, நிறுவனமே நீடிக்கவில்லை. புரதம் கிடைத்துவிட்டது, அதை நூலாக்கும் அந்தச் சின்னக் குழாயின் வேலைதான் கைவரவில்லை. சிலந்தியின் வயிற்றை ஆராய எதற்கு அரசுப் பணம் என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்குத்தான். இருபது வருடம் பொறுமையாக ஒரு குழாயைப் பார்க்கிறவருக்குச் சம்பளம் கொடுத்தால்தான் இந்தக் கதவு திறக்கும்.

இதே நூல் ஒரு உயிரைக் காப்பாற்றாமலும் போயிருக்கிறது. 1973இல் வந்த காமிக்ஸ் இதழில், பாலத்தின் உச்சியிலிருந்து விழும் தன் காதலி க்வென் ஸ்டேசியை ஸ்பைடர்மேன் நூலால் காலில் பிடிக்கிறான், அவள் இறந்துவிடுகிறாள். 90 மீட்டர் விழுந்தால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். அரை நொடியில் நிறுத்தினால் உடல்மேல் அதன் எடையைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல் விசை. பிடித்தது காலை, தலையைத் தாங்க எதுவும் இல்லை. 2014இல் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் நடித்த படத்தில் அவள் மணிக்கூண்டுக்குள் விழுகிறாள். நூல் போய்ப் பிடிக்கிறது, ஆனால் தரை மிக அருகில் இருக்கிறது. நீள இடம் இருந்தால்தானே நூல் தன் வேலையைச் செய்யும்? தலை தரையில் மோதிவிடுகிறது. ரயிலுக்கு இருந்த தூரம் அவளுக்கு இல்லை.

2021இல் மூன்று ஸ்பைடர்மேன்களும் ஒரே படத்தில் வந்தார்கள். டாம் ஹாலண்டின் ஸ்பைடர்மேனுக்குக் காதலியான எம்ஜே உயரத்திலிருந்து விழுகிறாள். இந்த முறை ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் தானே பின்னால் குதிக்கிறார். அவளோடு சேர்ந்து விழுந்து, அவள் வேகத்துக்கு வந்து, பிறகு உடலோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். அதனால் பிடிக்கும் அந்தக் கணத்தில் இருவருக்கும் நடுவே வேக வித்தியாசம் அநேகமாக இல்லை. தரையின் அடியை வாங்குவதும் முதலில் அவருடைய கால்கள்தான்.

தரையில் இறங்கியதும் அவர் முகத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள்.