பலகையைப் பார்க்கிறார்களா, முகத்தைப் பார்க்கிறார்களா?

போன தீபாவளி மத்தியானம். சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் சாப்பாடு முடிந்து கூடத்துப் பாயில் ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். உயர்நிலை இரண்டு படிக்கும் என் மகள், அவளுடைய அத்தை பிள்ளைகள் இரண்டு பேர், பள்ளித் தோழிகள் இரண்டு பேர். அன்றைக்கென்றே 90 வெள்ளி கொடுத்து ஒரு பெரிய போர்டு கேம் பெட்டி வாங்கி வைத்திருந்தேன். பேர் வேண்டாம். கப்பல், கோட்டை, பொற்காசு என்று பார்க்க அவ்வளவு அழகு. விதிப் புத்தகம் 28 பக்கம். நான் விளக்கி முடிக்கவே 40 நிமிடம் ஆனது. மூன்றாவது சுற்றில் முதல் கைப்பேசி வெளியே வந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் மீதி நான்கும் வந்துவிட்டன. "உன் முறைம்மா" என்று ஒவ்வொருவரையும் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது.

முதலில் கைப்பேசியைத்தான் திட்டினேன். பிறகு ஒரு சந்தேகம் வந்து, அடுப்படியில் முட்டை வேகவைக்க வைத்திருக்கும் டைமரை எடுத்து வந்து அளந்தேன். ஒருவர் தன் முறையை முடிக்கச் சராசரியாக 3 நிமிடம். ஆடுவது ஐந்து பேர். அப்படியானால் தன் முறை திரும்பி வர ஒருவர் 12 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அந்தப் பிள்ளை உண்மையில் ஆடியது 12 நிமிடம், வேடிக்கை பார்த்தது 48 நிமிடம். பேருந்து நிறுத்தத்தில் 12 நிமிடம் நின்றால் நான் மட்டும் கைப்பேசியை எடுக்காமலா இருக்கிறேன்?

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு போர்டு கேம் தேடுகிறவர்கள் பெட்டியில் உள்ள படத்தையும் வயது எண்ணையும் பார்க்கிறார்கள். வயது எண் விதிகள் புரியுமா என்பதைச் சொல்லும், அலுக்குமா என்பதைச் சொல்லாது. நான் இப்போதெல்லாம் கடையிலேயே கேட்டுவிடுவது இதுதான்: அடுத்தவர் ஆடும்போது என் பிள்ளைக்கு என்ன வேலை?

இந்தக் கேள்விக்கு நல்ல விடை சொன்ன ஆட்டம் கட்டான். ஜெர்மனியின் கிளவுஸ் டாய்பர் 1995-ல் கொண்டுவந்தது. அறுகோண ஓடுகளால் ஆன தீவு. ஓடுகளின் மேல் எண்கள். இரண்டு பகடையை யார் உருட்டினாலும் சரி, விழுந்த எண்ணுள்ள ஓட்டின் ஓரத்தில் வீடு கட்டியிருக்கும் எல்லாருக்கும் அந்த ஓட்டின் விளைபொருள் வந்துவிடும். இரண்டு பகடை 36 விதமாக விழலாம். அதில் 7 வருவதற்கு 6 வழி, 6-க்கும் 8-க்கும் தலா 5 வழி, 2-க்கும் 12-க்கும் ஒவ்வொரு வழிதான். 8-ஐ ஒட்டி வீடு கட்டியவளுக்கு நான்கு பேர் உருட்டி முடிக்கும் ஒரு சுற்றில் ஒரு முறையாவது 8 விழ 45 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே அடுத்தவன் கையில் பகடை உருளும்போதும் அவள் கண் அங்கேதான் இருக்கும். நடுவில் "செங்கல் தர்றேன், கோதுமை தர்றியா" என்று பேரம் வேறு. காத்திருக்கும் நேரம் குறையவில்லை. அந்த நேரத்துக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

மோனோப்பொலியில் சிக்கல் வேறு மாதிரி. அதன் மூல வடிவத்துக்கு எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904-ல் காப்புரிமை பெற்றார். நிலம் வைத்திருப்பவன் கையில் வாடகை எப்படிக் குவிகிறது என்று காட்டுவதே அவர் நோக்கம். 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் விற்கத் தொடங்கிய ஆட்டத்துக்குள்ளும் அந்த இயந்திரம் அப்படியே ஓடுகிறது. வாடகை வந்தால் வீடு கட்டலாம், வீடு கட்டினால் வாடகை கூடும். முந்தியவன் மேலும் முந்துவான். பொறியியலில் இதை நேர்ப் பின்னூட்டம் என்போம். ஒலிவாங்கியை ஒலிபெருக்கி முன்னால் பிடித்தால் 'கீ' என்று அலறுமே, அதே சங்கதி. நொடித்துப் போனவள் ஆட்டத்தை விட்டு எழுந்துவிட வேண்டும். பத்து வயதில் அவள் அழுவாள். பதினாலு வயதில் அழமாட்டாள், அறைக்குப் போய்விடுவாள். அந்த வயதில் கூட்டத்திலிருந்து ஒதுக்கப்படுவதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

ஏன் அந்த வயதில் மட்டும்? 2005-ல் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 306 பேரை ஒரு கணினி விளையாட்டு ஆட வைத்தார்கள். திரையில் கார் ஓடுகிறது. மஞ்சள் விளக்கு எரிகிறது. எவ்வளவு தூரம் ஓட்டுகிறோமோ அவ்வளவு புள்ளி. ஆனால் சிவப்பு எப்போது விழும் என்று தெரியாது, விழும்போது கார் ஓடிக்கொண்டிருந்தால் சுவரில் மோதி எல்லாம் போச்சு. 13 முதல் 16 வயதினர், 18 முதல் 22, 24-க்கு மேல் என மூன்று குழு. தனியாக ஆடியபோது மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுதான் துணிந்தன. நண்பர்களைப் பக்கத்தில் உட்கார வைத்ததும் பெரியவர்களிடம் மாற்றமே இல்லை. நடுக் குழுவிடம் துணிச்சல் பாதியளவு கூடியது. இளையவர்களிடம் இரு மடங்கானது.

2011-ல் இதே போன்ற சோதனையை மூளை வருடிக்குள் (ஸ்கேனர்) படுக்க வைத்துச் செய்து பார்த்தார்கள். பக்கத்து அறையிலிருந்து நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே, பதின்ம வயதினரின் மூளை அடியில் உள்ள வெகுமதி மையம் கூடுதலாகத் தூண்டப்பட்டது. பெரியவர்களிடம் அப்படி இல்லை. "போதும், நிறுத்து" என்று சொல்லும் நெற்றிப்புற மூளை முழுதாக முதிர 25 வயதை ஒட்டி ஆகிவிடும். வெகுமதி மையமோ பூப்பெய்தும் வயதிலேயே சூடாகிவிடுகிறது. இந்த இடைவெளியைப் பெற்றோர் மோட்டார் சைக்கிளோடும் இரவு ஊர்சுற்றலோடும் சேர்த்துப் பார்த்துத்தான் கவலைப்படுகிறோம். எனக்குத் தோன்றியது வேறு. அந்த ஆராய்ச்சியாளர்கள் தங்களை அறியாமல் ஒரு நல்ல போர்டு கேமையே வடிவமைத்திருக்கிறார்கள்.

கிட்டத்தட்ட அதே அமைப்பில் டியாமண்ட் என்ற ஆட்டம் உண்டு. ஆலன் மூன், புரூனோ ஃபைதுட்டி இருவரும் சேர்ந்து செய்து, அதே 2005-ல் வெளிவந்தது. எல்லாரும் ஒரு குகைக்குள் போகிறார்கள். ஒவ்வொரு சீட்டாகத் திறக்க வேண்டும். ரத்தினம் வந்தால் உள்ளே இருப்பவர்கள் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம். பாம்பு, பாறைச் சரிவு என ஐந்து வகை ஆபத்துச் சீட்டுகளும் உண்டு, வகைக்கு மூன்று. ஒரே வகை இரண்டாவது முறை வந்தால் உள்ளே இருப்பவர்கள் அந்தப் பயணத்தில் சேர்த்ததெல்லாம் போய்விடும். அடுத்த சீட்டைத் திறக்கும் முன் எல்லாரும் ஒரே நேரத்தில் ரகசியமாக முடிவெடுக்க வேண்டும்: உள்ளேயா, வெளியேயா? மூடிய கையை நீட்டி, எல்லாரும் ஒன்றாகத் திறக்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முதல் பதிப்பில் ரத்தினச் சீட்டு 15, ஆபத்துச் சீட்டு 15. இதுவரை திறந்தது மூன்று ரத்தினம், ஒரு பாம்பு, ஒரு பாறைச் சரிவு என்று வையுங்கள். மீதி 25 சீட்டு. அதில் உயிரை எடுப்பவை இரண்டு பாம்பும் இரண்டு பாறையும், ஆக நான்கு. 16 சதவீத ஆபத்து. மூன்றாவதாக ஒரு புது வகை ஆபத்தும் வந்துவிட்டால் 24-ல் ஆறு, அதாவது 25 சதவீதம். ஒரே சீட்டில் 16-லிருந்து 25-க்குத் தாவுகிறது. என் மகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும், கணிதத்தில் எப்போதும் முதல் வரிசை. ஆனால் மூடிய கையை நீட்டும்போது அவள் சீட்டைப் பார்ப்பதில்லை. எதிரில் உட்கார்ந்திருக்கும் தோழியின் முகத்தைப் பார்க்கிறாள். அவள் வெளியே போனால் மீதி ரத்தினத்தில் என் பங்கு கூடும். அவள் உள்ளே இருந்து நான் மட்டும் ஓடினால்? "ஐயே, பயந்தாங்கொள்ளி!"

இங்கே தன் முறைக்குக் காத்திருக்கும் நேரம் என்ற ஒன்றே இல்லை. குகைக்குள் இருக்கும் எல்லாரும் எல்லா நொடியும் ஆடுகிறார்கள். தோற்றவரும் அடுத்த பயணத்தில் சேர்ந்துகொள்ளலாம், அரை மணியில் ஆட்டம் முடிந்துவிடும். ஆராய்ச்சிக்கூடத்தில் சுவரில் மோதிய அதே துணிச்சல் இங்கே விளையாட்டுக் கற்களை இழப்பதோடு தீர்ந்துவிடுகிறது.

எல்லாப் பிள்ளைக்கும் துணிச்சல் ஆட்டம் ஒத்துவராது என்பதும் உண்மை. மகளின் தோழி ஒருத்தி வாயே திறக்கமாட்டாள். அவள் மலர்ந்தது கோட்நேம்ஸ் ஆட்டத்தில். செக் நாட்டு விளாடா க்வாட்டில் செய்தது, 2016-ல் ஜெர்மனியின் 'ஆண்டின் ஆட்டம்' விருது பெற்றது. மேசையில் 25 சொல். இரண்டு அணி. அணித் தலைவர் ஒரே ஒரு சொல்லும் ஓர் எண்ணும் சொல்லித் தன் அணியின் சொற்களைக் கண்டுபிடிக்க வைக்க வேண்டும். அந்தத் தோழி அரை நிமிடம் யோசித்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "முஸ்தபா, மூணு." பிள்ளைகள் கத்திக்கொண்டே விரலை வைத்தார்கள்: தங்கம், கைக்கடிகாரம், இரவு. முஸ்தபா இங்கே தங்கமும் கடிகாரமும் விற்கும் பெரிய கடை. ஒரு காலத்தில் அது இரவெல்லாம் திறந்திருந்ததை எண்ணித்தான் மூன்றாவது சொல். அந்த வாரம் சென்னையிலிருந்து வந்திருந்த மைத்துனர் மகனுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. "அது யாரு, ஹீரோவா?" என்றான். அடுத்த முறை அவன் தன் அணியில் இருக்கிறான் என்பதை நினைவில் வைத்து அவள் வேறு மாதிரி குறிப்புக் கொடுத்தாள். எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்பதை உணர்ந்து பேசும் திறன் நாலு வயதிலேயே முளைத்துவிடுகிறது. ஆனால் சட்டென்று அதைப் பயன்படுத்துவது பதின்ம வயது முழுக்க மெருகேறிக்கொண்டே போகிறது. இந்த ஆட்டம் அதற்கு உடற்பயிற்சிக்கூடம் மாதிரி.

பொய் சொல்லும் ஆட்டங்களும் இந்தக் குடும்பம்தான். 1980-களில் மாஸ்கோவில் திமித்ரி டவிடோஃப் உருவாக்கியது மாஃபியா, கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் கொலைகாரர்களைக் கண்டுபிடிக்கும் ஆட்டம். அதில் முதல் இரவில் 'செத்தவர்' கடைசி வரை சும்மா உட்கார வேண்டும். 2009-ல் வந்த 'தி ரெசிஸ்டன்ஸ்' அந்தக் குறையைச் சரி செய்தது. துரோகி யார் என்று தேடுவார்கள், ஆனால் யாரும் வெளியேற வேண்டியதில்லை. வீட்டில் பொய் சொன்னால் அடி விழும், இங்கே சொல்லாவிட்டால் தோல்வி. பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் வீட்டு ஆட்டங்கள் என்ன குறைச்சல் என்று என் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பரமபதத்தில் ஆடுகிறவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுகூட இல்லை, விழுந்தபடி நகர வேண்டியதுதான். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்திருக்க அது போதும். பதினாலு வயதுக்குப் போதாது. பல்லாங்குழியோ மறுகோடி. பதினான்கு குழி, எல்லாம் கண்ணுக்கு முன்னால், அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. மலாய்க்காரர்களின் சோங்காக்கும் அப்படித்தான். அறுபது வருடம் ஆடியவரோடு பேத்தி ஆடினால் பத்துக்குப் பத்தும் தோற்பாள், பதினோராவது ஆட்டத்துக்கு வரமாட்டாள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது தாயம். எந்தக் காயை நகர்த்துவது என்பதில் யோசனை உண்டு. முந்திப் போகிறவனை வெட்டிப் பின்னால் அனுப்பலாம் என்பதால் மோனோப்பொலியின் நோய் இதற்கில்லை. கோளாறு ஒரே ஒரு இடத்தில். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று உள்ள இரண்டு கட்டை 16 விதமாக விழும். காயை இறக்கத் தேவையான ஒன்று அதில் இரண்டு முறைதான் வரும், எட்டில் ஒரு வாய்ப்பு. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போகிறவர்கள் மூன்றில் ஒருவர். எனவே எங்கள் வீட்டில் முதல் காயை இலவசமாக இறக்கிவிடுகிறோம். அம்மாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் பிள்ளைகள் ஆடுகிறார்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு முறை ஆடிப் பார்க்க முடிந்தால் நல்லது. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் போர்டு கேம் கஃபேக்கள் இங்கே உண்டு. 90 வெள்ளியை அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் எனக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது. எத்தனை பேர் ஆடலாம் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் வருவது ஐந்து பேர், கட்டான் அடிப்படைப் பெட்டியில் நான்கு பேருக்குத்தான் இடம்.

ஜூன் விடுமுறையில் மறுபடி அதே பாய், அதே ஐந்து பேர். டியாமண்ட் பெட்டியைத் திறந்தபோது அம்மா முறுக்குத் தட்டோடு வந்து தானும் உட்கார்ந்தார். முதல் பயணத்தில் இரண்டாவது சீட்டிலேயே பாம்பு. அம்மாவின் கை திறந்தது: வெளியே. பிள்ளைகள் ஐவரும் உள்ளே. கெக்கலித்தார்கள். மூன்றாவது சீட்டு ரத்தினம், நான்காவது ரத்தினம், ஐந்தாவது பாம்பு. இரண்டாவது பயணமும் ஏறக்குறைய அப்படியே. ஐந்தாவது பயணம் முடிந்து கற்களை எண்ணியபோது அம்மாவிடம் 19, என் மகளிடம் 6.

"பாட்டி ஆடவே இல்லப்பா, சும்மா வெளிய வெளிய போறாங்க!" என்றாள் மகள்.

அம்மா கற்களை முந்தானையில் அள்ளிக்கொண்டே கேட்டார்: "பாம்பக் கண்ணால பாத்தப்புறம் எவளாவது உள்ள போவாளாடி?"