ஃபிரான்சைஸ்: கிளையுமல்ல, உரிமமுமல்ல

கனடாவின் கல்கரி நகரில் அந்த ஊர் அணியான ஃபிளேம்ஸுக்குப் புதிய ஐஸ் ஹொக்கி அரங்கு எழும்பிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித் தமிழ் வானொலி ஒன்றில் செய்தி போனது. “ஃபிளேம்ஸ் கிளை நிறுவனம் நகரசபையுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி…” என்று வாசித்தார்கள். அதற்கு முன்னர் ஒரு பத்திரிகையில் அதே ஃபிளேம்ஸ் “உரிமம் பெற்ற அணி” ஆகியிருந்தது. இன்னொரு முறை, இயந்திரத்திடம் கொடுத்து வாங்கிய மொழிபெயர்ப்பு ஒன்றில் “கல்கரியின் வாக்குரிமை புதிய அரங்கில் விளையாடும்” என்றே கண்டேன். மூன்றும் ‘ஃபிரான்சைஸ்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லின் பெயர்ப்புகள்; விளையாட்டில் அது லீக் ஒன்றில் அணி வைத்து நடத்தும் உரிமை. இந்தக் கடைசியைச் சிரித்துவிட்டு விடலாம். யாரும் ஏமாறமாட்டார்கள். கிளையும் உரிமமும் அப்படியல்ல. தமிழாகத் தோன்றும், வாசிக்க இடறாது, ஆனால் செய்தியைத் தலைகீழாக்கிவிடும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிராங்க் என்ற இனத்தார் இன்றைய பிரான்சான கோல் நாட்டை வென்று ஆண்டபோது, முழுச் சுதந்திரம் உடையவன் என்றால் ஃபிராங்க் என்றாயிற்று. அதிலிருந்து பழைய பிரெஞ்சில் ‘ஃபிரான்சீஸ்’: விடுதலை, கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு. ஆங்கிலத்துக்கு வந்தபின் அரசன் ஒருவனுக்கோ ஊருக்கோ தரும் தனிச்சலுகை, அதாவது சந்தை கூட்டவும் ஓடம் விடவும் உரிய உரிமை. பிறகு வாக்களிக்கும் உரிமை. அதற்கும் பிறகு, ஒரு நிறுவனத்தின் பெயரில் கடை நடத்தும் உரிமை. விளையாட்டு அணியும் வந்து ஒட்டிக்கொண்டது. நமக்கு இதில் வாக்குரிமைதான் பழக்கம். 1931இல் இலங்கைக்கு டொனமூர் அரசியலமைப்பு தந்ததும் 1949 சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலோர் இழந்ததும் அதுதான். அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிடுவோம்.

இப்போது கிளை. கிளை என்றால் அடிமரம் ஒன்று வேண்டும். ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடைக்கு அது பொருந்தும். மேலே ஒரு தலைமை நிறுவனம் இருக்கிறது. பெயரும் செய்முறையும் அதனுடையவை. கடைக்காரர் பணம் கட்டி நடத்துகிறார். ஃபிளேம்ஸ் ஆடும் தேசிய ஹொக்கி லீக்கில் (என்எச்எல்) யார் அடிமரம்? அங்கே 32 அணிகளின் பிரதிநிதிகள் கூடி உட்கார்ந்திருக்கும் ஆளுநர் சபைதான் உச்சம். ஆணையாளர் அவர்களிடம் சம்பளம் வாங்குகிறவர். கிளைகளெல்லாம் சேர்ந்து அடிமரத்தை வேலைக்கு வைத்திருக்கின்றன என்றுதான் சொல்லவேண்டும். எந்த மரத்தில் அப்படி நடக்கும்?

உரிமம் இதைவிட மோசம். உரிமம் என்பது லைசன்சுக்கு நாம் ஆக்கிக்கொண்ட சொல். அது இருக்கட்டும், நல்ல சொல்தான். வாகனம் ஓட்ட, உணவகம் நடத்த உரிமம் எடுக்கிறோம். காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், பிழை செய்தால் பறிப்பார்கள், தருவது அரசோ நகரசபையோ. இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. கல்கரிக் கணக்கை என் பெரியப்பாவுக்கு விளக்கினேன். மொத்தச் செலவு 120 கோடி டொலருக்கு மேல். நகரம் போடுவது ஏறத்தாழ 54 கோடி. மாகாணம் வீதிகளுக்கும் சுற்றுப்புற வேலைகளுக்குமாக 33 கோடி வரை. அணியின் உரிமையாளர் முதலில் 4 கோடி வைத்துவிட்டு மிச்சத்தை 35 வருடத்தில் கட்டுவார்கள். பெரியப்பா கேட்டது இது: “லைசன்ஸ் குடுத்தது நகரசபை தானே? காசு கேட்டால் லைசன்சைப் பறிக்க வேண்டியதுதானே, ஏன் பயப்பிடினம்?”

அவர் மேல் பிழையில்லை. ‘உரிமம் பெற்ற அணி’ என்று கேட்ட எவரும் அப்படித்தான் நினைப்பார். உண்மையில் நகரசபை எதையும் கொடுக்கவுமில்லை, பறிக்கவும் முடியாது. கொடுப்பதும் மறுப்பதும் மற்ற உரிமையாளர்கள். ஒவ்வோர் அணிக்கும் தன் நகர எல்லையைச் சுற்றி 50 மைல் சொந்தப் பரப்பு. ஹமில்ரன் நகரம் 1985இலேயே கொப்ஸ் கொலிசியம் என்ற அரங்கைக் கட்டிவைத்து ஒரு என்எச்எல் அணிக்குக் காத்திருந்தது. 2009இல் பிளாக்பெரிச் செல்வந்தர் ஜிம் பல்சிலி, வங்குரோத்து நீதிமன்றத்துக்குப் போன அரிசோனாவின் ஃபீனிக்ஸ் கொயோட்டிஸ் அணியை வாங்கி அங்கே கொண்டுவரப் பார்த்தார். காசு இருந்தது, கட்டடம் இருந்தது, பார்க்க ஆட்களும் இருந்தார்கள். லீக் எதிர்த்தது, நீதிமன்றமும் லீக்கின் பக்கமே நின்றது. கியூபெக் நகரம் பொதுப்பணத்தில் ஏறத்தாழ 37 கோடி டொலருக்கு வீடியோட்ரோன் சென்ரர் அரங்கைக் கட்டி 2015இல் திறந்தது. 1995இல் கொலராடோவுக்குப் போன அந்த ஊர் அணி நோர்டிக்சின் இடத்துக்கு என்எச்எல் அணி எதுவும் இன்னும் வந்தபாடில்லை. உரிமம் கொடுக்கும் அதிகாரம் நகரத்துக்கு இருந்திருந்தால் இந்த இரண்டு ஊர்களும் எப்போதோ எடுத்துக் கொடுத்திருக்கும்.

‘அணி’ என்று மட்டும் சொன்னால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். பல இடங்களில் போதும், நானும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் 2024இல் அரிசோனாவில் நடந்ததைப் பாருங்கள். கொயோட்டிஸ் வீரர்களும் பயிற்றுநர்களும் யூட்டாவுக்குப் போனார்கள். ஃபிரான்சைஸ் போகவில்லை! அது உறங்குநிலையில் பழைய முதலாளியிடமே இருந்தது. ஐந்து வருடத்துக்குள் அரங்கு கட்டினால் எழுப்பிக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு அவரே வேண்டாமென்று கைவிட்டார். யூட்டா கணக்கில் புது ஃபிரான்சைஸ். அந்தச் சில வாரங்களில் அரிசோனாவில் ஃபிரான்சைஸ் இருந்தது, அணி இல்லை. அப்படியானால் இரண்டும் ஒன்றாக எப்படி இருக்கும்? வின்னிபெக்காரருக்கு இது முன்னமே தெரிந்த நோவு. 1996இல் அங்கிருந்து அரிசோனாவுக்குப் போய்க் கொயோட்டிஸ் ஆன ஜெற்ஸ் அணியின் பதிவுகளும் அதோடு போயின. 2011இல் அட்லாண்டாவிலிருந்து வந்த அணி பெயரை மட்டும்தான் திரும்ப எடுத்துக்கொண்டது.

கியூபெக் பிரெஞ்சு விளையாட்டு எழுத்தாளர்கள் இதற்குக் ‘கொன்செசியோன்’ என்று போடுவார்கள். ஒரு பகுதியை ஒருவருக்கு விட்டுக்கொடுத்தல் என்ற பொருள் அதில் இருக்கிறது. ஆங்கிலத்தை அப்படியே எடுக்காமல் தங்கள் மொழிக்குள் தேடியிருக்கிறார்கள். நாமும் தேடலாம்.

தேடலை முடித்துவைத்தவர் பெரியப்பாதான். விற்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம், எல்லை உண்டு, பக்கத்துக்காரன் உள்ளே வரமுடியாது என்று நான் விளக்கி முடித்ததும் சொன்னார்: “அப்ப அது லைசன்ஸ் இல்லையடா. காணி உறுதி மாதிரி ஒண்டு.”

காணி! யாழ்ப்பாணத்தில் காணி என்றால் நிலம். ஸ்கார்பரோவில் வீடு விற்கிறவருக்கும் அதுதான். சோழர் காலக் கல்வெட்டுகளில் அது நிலம் மட்டுமல்ல. வழிவழியாக வரும், கைமாற்றத்தக்க உரிமையே காணி. காணியாட்சி என்பதும் அதுவே. கோயிலில் ஆட்டுவிக்கும் நட்டுவனுக்கு விட்டது நட்டுவக்காணி, சாக்கைக் கூத்தாடுகிறவனுக்கு விட்டது சாக்கைக்காணி. ஆட்டம், அதை ஆடும் உரிமை, அந்த உரிமையைத் தாங்கும் நிலம் மூன்றையும் ஒரே சொல் பிடித்து வைத்திருக்கிறது. தமிழில் ஆட்டம் என்பது கூத்துக்கும் பந்துக்கும் பொது. ‘ஆட்டக்காணி’ என்று சொன்னால் என்ன குறை?

நிலம் ஒட்டியிருப்பதும் வசதிதான். கனடிய நகரங்களில் ஹொக்கி அரங்கு என்பது பாதிக்குமேல் நில வியாபாரம். எட்மன்டனில் 2016இல் ரோஜர்ஸ் பிளேஸ் என்ற ஹொக்கி அரங்கு திறந்தது. அதைச் சுற்றிய ஐஸ் டிஸ்ட்ரிக்டின் கோபுரங்கள் அணி முதலாளியின் நிறுவனம் கட்டுவித்தவை. அரங்கின் கடனில் ஒரு பங்கை, அந்த வட்டாரத்தில் இனிமேல் கூடப்போகும் சொத்துவரியைக் கொண்டே அடைப்பது என்று நகரம் ஏற்பாடு செய்தது. இதை ‘சமூகப் புத்துயிர் வரி’ என்று பெயர்த்திருந்தார்கள். சமூகம் எங்கே செத்துக் கிடந்தது என்று தெரியவில்லை. ‘வருங்கால வரி ஈடு’ என்றால் என் பெரியம்மாவுக்கும் விளங்கும்.

மொழிபெயர்ப்பாளர்களோடு எனக்குள்ள வழக்கு இதோடு நிற்கவில்லை. கல்கரி அரங்கை நகரசபை ‘ஈவென்ட் சென்ரர்’ என்று பூசி மெழுகியது. நம்மவர்கள் ‘நிகழ்வு மையம்’ என்று அந்தப் பூச்சையும் சேர்த்தே பெயர்த்தார்கள். கலியாண மண்டபம் என்று நினைத்தவர்களும் உண்டு. இன்னொன்று என்னால் பொறுக்கவே முடியாதது: அணி வேறு நகருக்குப் போனால் ‘இடம்பெயர்ந்தது’ என்கிறார்கள். ஷெல்லடிக்குப் பயந்து ஒரு பையோடு ஓடியவர்கள் இருக்கும் வீட்டில் அந்தச் செய்தி ஒலிக்கிறது. கோடீஸ்வரர் ஒருவர் கூடுதல் இலாபத்துக்கு மூட்டை கட்டுவது இடம்பெயர்வா? ‘ஊர் மாற்றினார்கள்’ என்று சொல்லுங்கள். மாற்றியவர் இன்னார் என்பதும் அதில் தெரியும்.

ஆட்டக்காணியைச் சொன்னதும் நண்பர் “ஆட்டுக்காணியோ, எத்தினை ஆடு?” என்றார். வானொலியில் வேகமாக வாசித்தால் அந்த ஆபத்து உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆகவே அன்றாடச் செய்திக்கு ‘அணியுரிமை’ என்று போடுங்கள். உரிமம் வேறு, உரிமை வேறு. உரிமம் கொடுத்தவனைத் தேட வைக்கும், உரிமை வைத்திருப்பவனைக் காட்டும். அணியுரிமையாளர், அணியுரிமைப் பரப்பு, அணியுரிமை விற்பனை என்று இழுத்தாலும் முறியாது. கட்டுரை எழுதுகிறவர்கள் ஆட்டக்காணியை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

போன கிழமை அதே வானொலிக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்தது. இனிமேல் கவனிக்கிறார்களாம், ‘கிளையுரிமம்’ என்று மாற்றிவிடுகிறார்களாம்.