ஸ்டீயரிங் தண்டு இல்லாத கார் எப்படித் திரும்புகிறது?

"எதிர்காலக் குடும்ப கார் என்று கண்காட்சியில் வைக்கிறார்களே, அதில் முன் இருக்கையைத் திருப்பிப் போட்டுப் பிள்ளைகளுக்கு எதிரே உட்காருகிறார்கள். ஸ்டீயரிங் எங்கே போனது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

2002 செப்டம்பரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சிக்கு ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹை-வயர்' என்ற மாதிரி காரைக் கொண்டுவந்தது. ஹைட்ரஜன் தொட்டி, அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிமின்கலம், மோட்டார் எல்லாம் சுமார் 28 செ.மீ. தடிமனுள்ள அடித்தளத்துக்குள் அடக்கம். உள்ளே தரை சமதளம், பெடலே கிடையாது. கைப்பிடியைத் திருகினால் வேகம், இறுக்கினால் பிரேக். அந்தப் பிடியையே வலமோ இடமோ நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். சக்கரத்துக்கு இறங்கும் இரும்புத் தண்டு இல்லாததால்தான் இது முடிந்தது.

நாம் எவ்வளவு திருப்புகிறோம் என்பதை சென்சார் அளக்கிறது, கணினி கணக்குப் போடுகிறது, முன்சக்கரங்களை ஒரு மோட்டார் திருப்புகிறது. இதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. அதிசயம் எதிர்த்திசையில் இருக்கிறது.

வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதைக் கவனித்திருப்பீர்கள். சாலையில் உரசும் டயர் தன்னை நேராக்கிக்கொள்ளத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் தண்டு வழியாகக் கைக்கு வருகிறது. ஈரச் சாலையில் டயர் முழுதாக வழுக்குவதற்குச் சற்று முன்பே அது குறைந்து, ஸ்டீயரிங் லேசாகிவிடும். பழகிய ஓட்டுநரின் கை அதிலேயே உஷாராகிறது. தண்டை எடுத்துவிட்டால் இந்தச் செய்தியும் போச்சு.

அதனால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இன்னொரு மோட்டார் வைக்கிறார்கள். சக்கரத்தைத் திருப்பும் மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்த்தாலே டயர் எவ்வளவு எதிர்க்கிறது என்பது தெரிந்துவிடும். அதற்கேற்ப இந்த இரண்டாவது மோட்டார் நம் கையை எதிர்த்துத் தள்ளுகிறது. பள்ளத்தில் விழும் அதிர்ச்சியை வடிகட்டிவிட்டு, வழுக்கலின் முன்னறிவிப்பை மட்டும் விட்டுவைக்க வேண்டும். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவெடுப்பதுதான் இந்தத் துறையின் கலை என்பேன்.

கணினி பழுதானால்? 2013-இல் வந்த இன்ஃபினிட்டி க்யூ50 காரில் தண்டை விட்டுவைத்து, பழுது வந்தால் மட்டும் இணையும் கிளட்ச் பொருத்தினார்கள். டெஸ்லா சைபர்டிரக்கில் தண்டே இல்லை. தண்டை விட்டுக் கணினியை நம்புவது விமானங்களில் பழைய கதை. இன்று தேஜஸ் என்கிறோமே, அந்தப் போர் விமானத்தில் ஒன்று பழுதானாலும் மற்றவை கைகொடுக்கும்படி, நான்கு தனித்தனிக் கணினித் தடங்கள் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன. 1998 அணு சோதனைக்குப் பின் அமெரிக்கா ஒத்துழைப்பை நிறுத்த, இந்தக் கணினிகளுக்கான மென்பொருளை நம் பொறியாளர்களே முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று அது பறந்தது. தொடக்கத்தில் வீண் செலவாகத் தெரியும் ஆராய்ச்சிக்கும் நிதி வேண்டும் என்று நான் வாதாடும்போதெல்லாம் இதைத்தான் இழுப்பேன்.

ஆக, தண்டு ஒரு தடையே இல்லை. ஓடும் காரில் இருக்கையைத் திருப்புவதுதான் இன்னும் சிக்கல். முன்பக்கம் மோதினால் முன்னால் பார்த்து உட்கார்ந்தவரைத் தாங்கும்படி அமைத்தவை சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும். திரும்பி உட்கார்ந்தவருக்கு முதுகும் கழுத்தும்தான் அடியை வாங்கும்; அதற்குத் தகுந்தபடி இருக்கையையே புதிதாக வடிவமைத்தாக வேண்டும்.